வீணையோடு ஒரு தாளும் கொடுங்கள்
தஞ்சாவூர் வீணை ஆசாரிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசாரிமார்களே,

நீங்கள் செய்து தரும் வீணைகள் கடல் கடந்து போவதற்கான காகிதங்களை எழுதுகிறவன் நான். சென்னை ராஜாஜி சாலையில் இருக்கும் கஸ்டம்ஸ் ஹவுஸைச் சுற்றித்தான் என் பிழைப்பு. ஊஞ்சல் பலகை, தேக்கு அலமாரி, ஆட்டுக்கல், கல்யாணச் சீர்ப் பாத்திரம் என்று குடும்பங்கள் அனுப்புகிற எல்லாவற்றுக்கும் ஷிப்பிங் பில் போடுகிறோம். அவற்றில் எனக்கு மிகுந்த கவலை கொடுப்பது உங்கள் வீணைதான். வீணை உடையாமல் போய்ச் சேர வழி உண்டு. ஆனால் அதைப் பற்றிக் காகிதத்தில் எழுத யாரும் எனக்கு ஒரு தகவலும் தருவதில்லை. அதைப் பேசத்தான் இந்தக் கடிதம்.

வீணை எங்களிடம் வரும்போது கூடவே வருவது ஒரு துண்டுச் சீட்டு. "வீணை 1" என்று எழுதி, பக்கத்தில் ஒரு தொகை, கீழே ஒரு கையெழுத்து. சில சமயம் பட்டறையின் பெயர்கூட இருக்காது, போன் நம்பர் மட்டும் இருக்கும். இதில் உங்கள் தவறு பெரிதாக ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். கையால் செய்த நம் நாட்டு இசைக்கருவிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. வரியே இல்லாத பொருளுக்கு வரி எண் போட்ட பில் எதற்கு என்று நீங்கள் கேட்டால் அதுவும் நியாயம்தான். உள்ளூரில் வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு அந்தச் சீட்டு போதும். கப்பலில் ஏறுகிற வீணைக்குப் போதாது.

ஏன் போதாது என்கிறீர்களா? அனுப்பும் துறைமுகத்திலும் இறங்கும் துறைமுகத்திலும் வீணையைப் பார்க்கும் அதிகாரிக்கு சங்கீதம் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை. அவர் கேட்பது நாலைந்து கேள்விகள். இது என்ன மரம்? எந்த ஊரில் வெட்டிய மரம்? எப்போது செய்தது? இந்த வெள்ளையாக ஓடுகிற பட்டை என்ன? இது வியாபாரத்துக்கா, சொந்த உபயோகத்துக்கா? கடைசிக் கேள்விக்கு அனுப்புகிறவர் பதில் சொல்லிவிடுவார். மற்ற எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான், அந்த வீணையைக் குடைந்தவர். டல்லாஸில் இருக்கும் பேத்திக்கு வீணை அனுப்புகிற தாத்தாவிடம் கேட்டால் "பலா மரம்னு சொன்னாங்க சார்" என்பார். குடம் பலா என்பது சரி. தந்தியை முறுக்கும் பிரடை என்ன மரம், விளிம்பில் ஒட்டிய பட்டை என்ன மரம் என்றால் அவர் விழிப்பார். நானும் அவர் சொன்னதையே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

அந்த வெள்ளைப் பட்டையைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதிகத் தொல்லை அதில்தான். உங்கள் தாத்தா காலத்து வீணைகளில் யானைத் தந்தம் பதிப்பது வழக்கமாக இருந்தது. 1986இல் நம் நாட்டில் தந்த வியாபாரத்துக்குத் தடை வந்தது. பிறகு ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் அந்தத் தடை நீண்டது. இன்று நீங்கள் பதிப்பது பிளாஸ்டிக் என்று எனக்குத் தெரியும். பழைய பூ வேலைப்பாட்டை அச்சு மாறாமல் பிளாஸ்டிக்கில் கொண்டுவருவது உங்கள் கைத்திறன். அந்தத் திறனே சரக்கு நிலையத்தில் சந்தேகத்தைக் கிளப்பிவிடுகிறது.

மாதவரம் பக்கம் ஒரு சரக்கு நிலையத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வீணைப் பெட்டி ஒன்றின் மேல்பலகையை ஆணி பிடுங்கித் திறந்தார்கள். அதிகாரி டார்ச் அடித்துக் குடத்தின் ஓரத்தைப் பார்த்தார். வெள்ளைக் கொடி வேலைப்பாட்டின் மேல் வெளிச்சத்தை நிறுத்திவைத்து, நகத்தால் மெதுவாகத் தட்டினார். "இது ஐவரி இல்லைன்னு எழுத்துல இருக்கா?" என்று கேட்டார். எழுத்தில் இல்லை. அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தந்தத்தை விட்டுவிட்டால் அவர் வேலை போகும். வனவிலங்குத் துறையிலிருந்து ஆள் வந்து பிளாஸ்டிக்தான் என்று சொல்லும்வரை பெட்டி அப்படியே கிடந்தது. அதற்குள் கப்பல் போய்விட்டது. சரக்கு நிலையத்தில் வாடகை ஏறியது. வீணையை அனுப்பிப் பணத்தைக் கட்டிய பெண் எங்களிடம் கோபப்பட்டாள், உங்களிடமும் கோபப்பட்டிருப்பாள். செய்தவர் கைப்பட "இதில் தந்தம் இல்லை, பதித்திருப்பது பிளாஸ்டிக்" என்று இரண்டு வரி இருந்திருந்தால் அதிகாரி சோதனை செய்திருக்கவே மாட்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேச்சைத் தொடங்க அவர் கையில் ஏதோ ஒன்று இருந்திருக்கும், பொய் சொன்னால் யாரைப் பிடிப்பது என்றும் தெரிந்திருக்கும். கஸ்டம்ஸில் பொறுப்பேற்கும் பெயர் ஒன்று இருந்தாலே பாதி வேலை நகரும்.

அடுத்தது ஈட்டி மரம். பிரடைக்கும் ஓரப் பட்டைக்கும் நீங்கள் காலங்காலமாக எடுப்பது அதைத்தான். அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தம், ஈட்டி மரத்தின் பேரினம் முழுவதையும் 2017 ஜனவரி 2ஆம் தேதி முதல் தன் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. கிட்டார், கிளாரினெட் செய்கிறவர்கள் எல்லோரும் உலகமெங்கும் முட்டி மோதிய பிறகு, 2019 நவம்பர் 26 முதல் வேலை முடிந்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் உதிரிப் பாகங்களுக்கும் விலக்கு கிடைத்தது. பிரேசில் ஈட்டி போன்ற ஓரிரு வகைகளுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. அதனால் நம் நாட்டு ஈட்டியில் செய்த பிரடையோடு முழுசாக முடிந்த வீணை போகலாம். ஆனால் "அண்ணா, நாலு துண்டு ஈட்டிக் கட்டையும் பெட்டியில் போட்டு அனுப்புங்கள், இங்கே ஒருத்தர் செதுக்கித் தருவார்" என்று வெளிநாட்டுச் சீடர் கேட்டால் அதைப் போடாதீர்கள். செதுக்காத கட்டை கருவி ஆகாது, அது மரம். அதற்குச் சட்டம் வேறு.

மரம் எந்த நிலையில் இருக்கிறது, காகிதம் அதை என்னவென்று சொல்கிறது என்பதற்கு இவ்வளவு கனம் உண்டா என்று தோன்றலாம். 2011 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் ஆட்கள் கிப்சன் கிட்டார் தொழிற்சாலைகளுக்குள் ஆயுதத்தோடு நுழைந்து, இந்தியாவிலிருந்து போன ஈட்டியையும் கருங்காலியையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த மரத்தைக் காகிதத்தில் எந்தச் சுங்கக் குறியீட்டில் எழுதினார்கள், உண்மையில் பெட்டியில் இருந்தது எது என்பதுதான் அப்போது எழுந்த பெரிய கேள்வி. அவர்கள் உலகப் பெயர் பெற்ற கம்பெனி, வக்கீல்கள் வைத்துச் சமாளித்தார்கள். ஒரு வீணை வாங்கிய குடும்பத்துக்கு அந்தச் சக்தி ஏது? அமெரிக்காவின் லேசி சட்டப்படி, வணிகச் சரக்காக இறங்கும் மரப் பொருளுக்கு மரத்தின் தாவரவியல் பெயரும் அது வெட்டப்பட்ட நாடும் எழுத வேண்டும். பலாவுக்கு ஆர்ட்டோகார்பஸ் ஹெட்டரோஃபில்லஸ், ஈட்டிக்கு டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா. இதை ஒருமுறை அச்சடித்து வைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் போதும். சொந்தப் பொருளாகப் போகும் வீணைக்கும் இதையே எழுதிவிடுவது நல்லது.

சென்னைத் துறைமுகத்துக்கே உரிய இன்னொரு பயமும் உண்டு. செம்மரக் கடத்தல் இங்கே அடிக்கடி பிடிபடுகிறது. சிவப்பாகப் பாலிஷ் போட்ட கனமான மரச் சாமான் எதுவானாலும் அதிகாரியின் கண் ஒரு நொடி கூடுதலாக நிற்கும். பண்ருட்டிப் பலாவின் மஞ்சள் நிறம் உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பாலிஷுக்கு அடியில் அது மறைந்துவிட்டதே! பாலிஷ் போடுவதற்கு முன் குடத்தை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. மஞ்சள் மரம் தெரிகிற அந்த ஒரு படம் நான் எழுதும் பத்து வரிக்குச் சமம்.

பழைய வீணைகளைப் பற்றித் தனியாகவே உங்களிடம் கேட்க வேண்டும். பாட்டி வாசித்த வீணையைப் பழுது பார்த்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வருகிறவர்கள் கூடிவருகிறார்கள். அவர்கள் முதலில் வருவது உங்கள் பட்டறைக்குத்தான், எங்களிடம் வருவது கடைசியில். நீங்கள் மெட்டுகள் உட்காரும் மேளத்தைப் புதுசாகக் கட்டி, பாலிஷ் ஏற்றி, பளபளவென்று அனுப்பிவைக்கிறீர்கள். அது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வீணையாக இருந்தால் 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி தனி ஆள் அதை நாட்டைவிட்டு எடுத்துப் போகவே முடியாது. நூறு வருஷம் ஆகவில்லை என்றாலும், பார்க்கப் பழசாக இருக்கிற வீணைக்குத் தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கினால்தான் தைரியமாகப் பெட்டி கட்டலாம். அந்தக் குடும்பம் டிக்கெட் போட்டுவிட்டு, வீட்டைக் காலி செய்துவிட்டு, கடைசி வாரத்தில் எங்கள் முன்னால் உட்காரும்போது இதைச் சொல்ல எனக்கு நா எழுவதில்லை. யாளி முகத்தின் செதுக்கலைப் பார்த்தே எந்தக் காலத்து வேலை என்று கண்டுபிடிக்கிற கண் உங்களுடையது. பட்டறை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: "அம்மா, இது ரொம்பப் பழசு. தந்த வேலையும் இருக்கு. வெளிநாடு போகாது. இங்கேயே யாராவது வாசிக்கட்டும்." அந்த ஒரு வார்த்தை அவர்களுடைய பணத்தைக் காப்பாற்றும், வீணையும் பறிமுதலாகாமல் பிழைக்கும்.

இனி பெட்டி. இது நேராக உங்கள் தொழிலைத் தொடுவது, அதனால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன். பல பட்டறைகளில் கையில் கிடைத்த பலகையை வைத்துப் பெட்டியும் நீங்களே அடித்துத் தருகிறீர்கள். அன்போடு செய்வதுதான். ஆனால் நாடு விட்டு நாடு போகும் மரப்பெட்டிக்கு உலகம் முழுக்க ஒரே விதி. பலகையின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் 30 நிமிடம் நிற்கும்படி சூடேற்றியிருக்க வேண்டும், அல்லது அனுமதித்த மருந்தில் புகையூட்டியிருக்க வேண்டும். அதைச் செய்த அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் முத்திரை பெட்டியில் இருக்க வேண்டும். மரப்பட்டை நீக்காத பலகை கூடாது. முத்திரை இல்லாத பெட்டியை இறங்கும் இடத்தில் திருப்பி அனுப்பலாம், எரிக்கலாம். பிளைவுட்டுக்கு இந்த விதி இல்லை, ஆகவே முழுக்கப் பிளைவுட்டில் அடித்தால் சுலபம்.

விஷயம் அதோடு முடியவில்லை. வீணையை உள்ளே வைத்து ஆணி அடித்த பிறகு பெட்டியைச் சூடேற்றக் கொண்டுபோனால் என்ன ஆகும்? 24 மெட்டும் உட்கார்ந்திருப்பது மெழுகின் மேல். ஒவ்வொரு ஸ்வரத்தையும் காதால் கேட்டு, மயிரிழை நகர்த்தி, நீங்கள் உட்காரவைத்த இடம் அது. அந்தச் சூட்டில் மெழுகு இளகும், மேளம் சரியும். வெறும் பெட்டியை முதலில் சூடேற்றி முத்திரை வாங்கிவிட்டு, பிறகுதான் வீணையை வைக்க வேண்டும் என்று நீங்கள் கண்டிப்பாகச் சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் பேக்கிங் ஆள் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்பார். வெயிலில் நிற்கும் கண்டெய்னருக்குள்ளும் வெப்பம் வெகுவாக ஏறும். அந்தப் பக்கம் போய் இறங்கியதும் மேளம் சரிந்திருந்தால் சிட்னியிலோ டொராண்டோவிலோ மேளம் கட்டத் தெரிந்தவரை எங்கே தேடுவார்கள்? அதற்கும் ஒரு வழி உங்களிடம் இருக்கிறது. மெட்டுகள் சரியான இடத்தில் இருக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, ஒவ்வொரு மெட்டும் மேருவிலிருந்து எவ்வளவு தள்ளி என்று குறித்துத் தாருங்கள். கொஞ்சம் கைப்பழக்கம் உள்ளவர் அதை வைத்துத் தோராயமாகவாவது திரும்ப நிறுத்துவார், மீதியைக் காது பார்த்துக்கொள்ளும். தந்திகளைத் தளர்த்திவிடுங்கள். சுரைக்காயைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள்.

சுரைக்காய் என்றதும் ஒன்று. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் விதை, பூச்சி, வைக்கோல் என்றால் மிகக் கடுமை காட்டும் நாடுகள். அது அவர்களுடைய விவசாயத்தைக் காப்பாற்றும் விஷயம், நாம் குறை சொல்வதற்கில்லை. உங்கள் சுரைக்காய் நிஜச் சுரைக்குடுக்கையா, ஃபைபரா, காகிதக் கூழா என்று எழுதிவிடுங்கள். நிஜச் சுரை என்றால் உள்ளே விதை ஒன்றுகூட ஒட்டியிருக்கக் கூடாது. பெட்டியில் வைக்கோலைத் திணிக்காதீர்கள். மரத்தில் ஒரு சின்னத் துளை தெரிந்தால்கூட வண்டு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். புகையூட்டச் சொல்வார்கள், செலவு வாங்கியவர் தலையில்தான்.

விலையையும் தேதியையும் பற்றி எனக்கு உங்கள்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். வாங்குகிறவர் "பில்லைக் குறைச்சுப் போடுங்க, அங்கே டாக்ஸ் ஜாஸ்தி" என்று கேட்டால் நீங்கள் போட்டுக் கொடுத்துவிடுகிறீர்கள். வாடிக்கையாளர் மனம் கோணக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். அந்தச் சீட்டை வைத்துத்தான் இன்சூரன்ஸும் போடுகிறார்கள். வழியில் தண்டி பிளந்துவிட்டால் சீட்டில் இருக்கிற தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் வராது. அங்குள்ள அதிகாரி இணையத்தில் தஞ்சாவூர் வீணையின் விலையைப் பார்த்துவிட்டு உங்கள் சீட்டை நம்ப மறுத்தால் வரியோடு அபராதமும் சேரும், பெட்டியும் நிற்கும். தேதியும் அப்படித்தான். பிரிட்டனுக்குக் குடிபெயர்கிறவர் பொருளை ஆறு மாதமாவது தன்னிடம் வைத்திருந்தால் வரிவிலக்கு கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் 12 மாதம் சொந்தமாக வைத்துப் பயன்படுத்தியிருக்க வேண்டும். அமெரிக்காவிலும் வீட்டுச் சாமானுக்கு ஒரு வருஷ உபயோகம் கேட்கிறார்கள். வருஷக்கணக்காக வாசித்த வீணையை எடுத்துப் போகிறவர், தேதி இல்லாத சீட்டினால் அந்த உரிமையை நிரூபிக்க முடியாமல் நிற்கிறார். புது வீணை வாங்கி அனுப்புகிறவர் பிரிட்டனில் 20 சதவீத வாட் கட்டத்தான் வேண்டும், அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வாங்கட்டும். முன் தேதி போட்டுத் தரச் சொல்லிக் கேட்டால் மறுத்துவிடுங்கள். பட்டறைச் சீட்டு பொய் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு தஞ்சாவூரிலிருந்து வரும் எந்தச் சீட்டையும் யாரும் மதிக்க மாட்டார்கள்.

ஒரு மரத்தில் குடைந்த ஏகாந்த வீணைக்கும் மூன்று பாகமாகச் சேர்த்த ஒட்டு வீணைக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்கள் சீட்டில் எழுதுவதில்லை என்பதும் எனக்குக் குறைதான். விலையில் எவ்வளவு வேறுபாடு! காகிதத்தில் இரண்டும் "வீணை 1".

இத்தாலியில் கிரிமோனா என்ற ஊரில் வயலின் செய்தவர்கள், 300 வருஷத்துக்கு முன்பே வயலினுக்குள் ஒரு சிறிய தாளை ஒட்டினார்கள். செய்தவர் பெயர், ஊர், வருஷம், அவ்வளவுதான். ஸ்ட்ராடிவாரியின் பெயர் இன்றும் உலகம் முழுவதும் நிற்பதில் அந்தத் தாளுக்கும் பங்கு உண்டு. உங்கள் தாத்தாக்கள் செய்த வீணைகள் எங்கெங்கோ கச்சேரி மேடைகளில் இருக்கின்றன, எது யார் செய்தது என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. தஞ்சாவூர் வீணை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. ஊருக்குக் கிடைத்த அந்தப் பெயர், செய்த கைக்கும் கிடைக்க வேண்டாமா?

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். வெளியூர், உள்ளூர் என்று பார்க்காமல் பட்டறையைவிட்டுப் போகும் ஒவ்வொரு வீணையோடும் ஒரு தாள் கொடுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். செய்தவர் பெயர், பட்டறை முகவரி, முடித்த மாதமும் வருஷமும், ஏகாந்தமா ஒட்டா, குடம், தண்டி, பிரடை, ஓரப் பட்டை ஒவ்வொன்றும் என்ன மரம், மரம் எங்கே வாங்கியது, பதித்த வேலைப்பாடு எதனால் ஆனது, தந்தமோ மான் கொம்போ இல்லை என்ற உறுதி, சுரைக்காய் எதனால் ஆனது, நீளம், எடை, உண்மையான விலை. கீழே கையெழுத்து. கூடவே பாலிஷுக்கு முன் எடுத்த படம், மேளம் கட்டிய பிறகு எடுத்த படம். பழுது பார்த்த பழைய வீணையானால், எந்தப் பாகம் பழசு, எதை மாற்றினீர்கள் என்றும் எழுதுங்கள். பெயரும் வருஷமும் மட்டும் குடத்தின் அடியில், நாகபாசத்துக்குப் பக்கத்தில், உளியாலேயே சின்னதாகப் பொறித்துவிடுங்கள். தாள் தொலைந்தாலும் அது இருக்கும்.

எழுத்து வேலை கூடுகிறதே என்று தயங்குகிறவர்கள் இருப்பீர்கள். உங்கள் சங்கத்தின் மூலம் ஒரே மாதிரிப் படிவமாக அச்சடித்து எல்லாப் பட்டறைக்கும் கொடுத்தால் நிரப்புவதற்குக் கொஞ்ச நேரம்தான் ஆகும். ஆங்கில வாசகத்தையும் தாவரவியல் பெயர்களையும் சுங்கக் குறியீட்டையும் நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். என்னைப் போலவே இந்தக் கவலையோடு இருக்கும் ஏஜென்ட்கள் இன்னும் சிலர் பாரிமுனையில் இருக்கிறார்கள், அவர்களும் சேர்ந்து பார்த்துத் திருத்துவார்கள். வெளிநாடுகளில் விஜயதசமிக்குப் புதிதாக வீணை தொடங்கும் குழந்தைகளுக்காக ஆடி மாதத்திலேயே பெட்டிகள் கப்பல் ஏறத் தொடங்கிவிடும். அதற்குள் உங்கள் சங்கக் கூட்டத்தில் இதை வைத்து ஒரு முடிவு சொல்லுங்கள். கூப்பிட்டால் படிவத்தோடு தஞ்சாவூருக்கு நானே வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீணைகளுக்குக் காகிதம் எழுதும் ஒருவன்,
சென்னை.